ஆங்கிலத்தில் பழைய கொரியா: புத்தக அலமாரி ஏன் மெலிந்திருக்கிறது?

கொரியாவின் முதல் ராணிகளில் ஒருத்தி தமிழ்ப்பெண் என்று சொல்லும் வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். கி.பி. 48இல் கடல் கடந்து போய், காயா நாட்டு அரசன் கிம் சுரோவை மணந்த ஹியோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசியின் கதை அது. அவள் தங்கள் ஊர்ப்பெண் என்று அயோத்தியில் 2001இல் நினைவிடமே எழுப்பிவிட்டார்கள். இல்லை, அவள் குமரி முனைப் பக்கத்துப் பெண் என்று நம்மில் சிலர் வாதாடுகிறார்கள்.

சரி, இந்தக் கதை எங்கே எழுதியிருக்கிறது? 'சம்குக் யூசா' என்ற நூலில். இர்யோன் என்ற பௌத்தத் துறவி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்தது. அதில் காராக் (காயாவின் இன்னொரு பெயர்) நாட்டைப் பற்றி, 11ஆம் நூற்றாண்டு அதிகாரி ஒருவர் எழுதிவைத்ததன் சுருக்கம் வருகிறது. 'ஆயுதா' என்ற நாட்டிலிருந்து 16 வயதுப் பெண் கப்பலில் வந்தாள் என்கிறது அந்தப் பகுதி. எழுதியவருக்கும் அவர் சொல்லும் நிகழ்ச்சிக்கும் நடுவில் ஆயிரம் வருட இடைவெளி. அந்த ஆயிரம் வருடத்தில் பௌத்தம் கொரியாவுக்குள் வந்து, இந்தியா புனித பூமியாகி, அந்த ஊர்ப்பெயரெல்லாம் கொரியத் துறவிகளின் வாயில் புழங்கத் தொடங்கிவிட்டது. கதையை எடைபோட இதெல்லாம் தெரிய வேண்டும். கொரிய மொழியும் பழைய சீனமும் தெரியாத நமக்கு அதைத் தெரிந்துகொள்ள இருக்கும் வழி ஆங்கிலம் ஒன்றுதான். அந்த வழி எவ்வளவு அகலம் என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆங்கிலத்தில் எழுதப்படாதது நமக்கும் தெரியாமலே போய்விடுகிறது. அங்கே விழுந்த ஓட்டை அப்படியே நம் ஓட்டையும் ஆகிவிடுகிறது.

தமிழும் கொரியமும் உறவு மொழிகள் என்ற பேச்சுக்கும் ஒரு ஆங்கிலப் புத்தகம்தான் பழைய வேர்களில் ஒன்று. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1886இல் ஆசிரியராகச் சியோலுக்குப் போனவர். 1905இல் கொரிய வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதே ஆண்டில் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூலும் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஊகம் நம் கைப்பேசியில் இன்னும் உயிரோடு இருக்கிறது; அதற்குப் பின் வந்த மறுப்புகள் வரவில்லை.

ஹல்பர்ட் காலத்தில் கொரியாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் மதப்பணிக்கு வந்தவர்களும் ஆசிரியர்களும் தூதரகக்காரர்களும். அதற்கு முன்னால் இருந்ததோ, 1653இல் கப்பல் உடைந்து ஜேஜு தீவில் கரையொதுங்கி, 13 வருடம் சிறைபோல் கிடந்து தப்பிப்போன ஹென்ட்ரிக் ஹாமெல் என்ற டச்சுக்காரரின் குறிப்பு போன்ற சில மட்டும். கனடாவிலிருந்து வந்த ஜேம்ஸ் கேல் பழைய கொரியக் கதைகளை ஆசையோடு மொழிபெயர்த்தார். 1900இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் கொரியக் கிளை தொடங்கியது. இவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதைப் பல்கலைக்கழக ஆய்வு என்று சொல்ல முடியாது. மாணவர்கள் இல்லை, வாதம் இல்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மூலத்தோடு வைத்துச் சரிபார்க்கும் பழக்கமும் இல்லை.

அது தொடங்கியது 1945க்குப் பிறகு. அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் வேலை பார்க்கக் கொரியாவுக்குப் போன எட்வர்ட் வாக்னர், திரும்பி வந்து படித்து, 1958இல் ஹார்வர்டில் கொரிய வரலாறு கற்பிக்க ஆரம்பித்தார். அவரிடம் படித்த ஜேம்ஸ் பாலே, மேற்குக் கடற்கரையில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய் இன்னொரு பரம்பரையை உருவாக்கினார். அவரிடம் படித்தவர்களில் ஜான் டங்கன் லாஸ் ஏஞ்சலிஸுக்கும், கார்ட்டர் எக்கர்ட் ஹார்வர்டுக்கும் போனார்கள். இந்தத் துறையின் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்துவிடலாம். சீன வரலாற்றுக்கோ ஜப்பானிய வரலாற்றுக்கோ அப்படி வரைய முயன்றால் சுவரே போதாது.

ஆள் குறைவு என்பதற்கு ஒரு விளைவு உண்டு. ஒருவர் கேட்ட கேள்வி துறை முழுவதுக்குமான கேள்வியாகிவிடும். வாக்னரின் கேள்வி: ஜோசன் அரசு (1392–1910) தேர்வு வைத்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்ததே, அந்தத் தேர்வில் உண்மையில் யார் ஜெயித்தார்கள்? இதற்காகவே சோங் ஜுன்-ஹோ என்ற கொரிய அறிஞரோடு சேர்ந்து 1960களில் ஒரு வேலையைத் தொடங்கினார். 500 வருடத்தில் உயர் குடிமைத் தேர்வில் தேறியவர்கள் சுமார் 14,600 பேர். ஒவ்வொருவருக்கும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, தாய்வழித் தாத்தா, மாமனார் என்று குலவரிசை நூல்களிலிருந்து தேடி அட்டை எழுதினார்கள். பல பத்தாண்டு வேலை. ஒரு சில குலங்களே மறுபடி மறுபடி பதவிகளைப் பிடித்திருந்தன என்பது அதிலிருந்து தெரிந்தது. டங்கன் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய், 2000இல் வெளிவந்த தன் நூலில் ஒன்றைச் சொன்னார். 1392இல், அதுவரை ஆண்ட கொர்யோ அரசு விழுந்து ஜோசன் எழுந்தபோது, புதிதாக ஒரு படித்த வர்க்கம் கிளம்பி வந்து ஆட்சியைப் பிடித்தது என்பது கொரியப் பள்ளிப் பாடம். ஆனால் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மேலே இருந்தவை பெரும்பாலும் பழைய குடும்பங்களேதான். கொடி மாறியது, வீடு மாறவில்லை.

பாலே கேட்ட கேள்விதான் இன்னும் கொதிக்கிறது. 1996இல் அவர் வெளியிட்ட நூல் ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். 17ஆம் நூற்றாண்டில் கிராமத்தில் உட்கார்ந்து நாட்டை எப்படிச் சீர்திருத்தலாம் என்று எழுதிக்கொண்டிருந்த யூ ஹியோங்-வோன் என்ற அறிஞரைச் சுற்றி, ஜோசன் அரசின் நிலம், வரி, படை, அடிமைமுறை எல்லாவற்றையும் பிரித்துப் போடுகிறது. அதில் பாலே அழுத்திச் சொன்ன ஒரு விஷயம்: கொரியாவில் 'நோபி' என்று அழைக்கப்பட்டவர்கள் அடிமைகள். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் முப்பது சதவீதம் இருந்தார்கள். ஆகவே 18ஆம் நூற்றாண்டு வரை கொரியாவை ஒரு அடிமைச் சமூகம் என்றே சொல்ல வேண்டும்.

கொரியாவில் பலருக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய எதிர்வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். நோபி ஒருவர் சொந்தமாக நிலம் வைத்திருக்கலாம். எஜமானர் வீட்டை விட்டுத் தொலைவில் குடும்பத்தோடு வாழ்ந்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று துணியோ தானியமோ கட்டிவிட்டுப் போகலாம். நோபியே நோபி வைத்திருந்த பதிவும் உண்டு. அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காட்டு அடிமையோடு இவரை ஒரே சொல்லில் அடைக்கலாமா? பாலே தரப்பின் பதில்: வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாகப் பங்கிடலாம், தாயின் நிலை குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்றால், வேறென்ன பெயர் வைப்பது? எனக்கு இந்த இடத்தில் பாலே பக்கம்தான் மனம் சாய்கிறது. சொத்துப் பங்கீட்டுப் பத்திரத்தில் வயலுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயரும் வயதும் எழுதியிருந்தால், அவருக்குத் தனி வீடு இருந்ததா என்பது இரண்டாவது கேள்வி. அரசு தன் கையிலிருந்த நோபிகளின் பதிவேடுகளை 1801இல் எரித்து அவர்களை விடுவித்தது. முறை முழுவதும் சட்டத்தில் ஒழிந்தது 1894இல்.

இந்தச் சண்டைக்குப் பின்னால் இன்னொரு காயம் இருக்கிறது. 1910 முதல் 1945 வரை ஆண்ட ஜப்பானியர்கள், கொரியா தானாக அசையாத, தேங்கிப்போன சமூகம், நாங்கள் வந்துதான் நகர்த்தினோம் என்று வரலாறு எழுதினார்கள். விடுதலைக்குப் பின் வந்த கொரிய வரலாற்றாசிரியர்கள் அதை உடைக்கக் கிளம்பினார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே சந்தை வளர்ந்தது, பணக்கார உழவர் வந்தார், முதலாளித்துவத்தின் முளை தெரிந்தது என்று காட்டினார்கள். அவர்களுக்கு எதிரே ஓர் அமெரிக்கர் எழுந்து, முளையெல்லாம் எனக்குத் தெரியவில்லை, ஒவ்வொரு சமூகமும் முதலாளித்துவத்தை நோக்கி ஏன் நடந்தாக வேண்டும் என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் பாலேயை மட்டும் படிப்பவருக்கு அந்த எதிர்முகாம் எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆவணம் திரட்டியது என்பது தெரியவே தெரியாது. அவர்கள் எழுதியதில் மொழிபெயர்ந்தது சொற்பம்.

பெண்களைப் பற்றிய கேள்வியைத் திறந்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான மார்ட்டினா டாய்க்லர். கொரியா என்றாலே மூத்த மகன், தந்தைவழிக் குலம், மருமகள் பணிவு என்று நினைக்கிறோமே, அதெல்லாம் ஆதியிலிருந்து இருந்ததில்லை என்று 1992இல் வந்த நூலில் காட்டினார். கொர்யோ காலத்தில் மகளுக்கும் சம பங்கு. மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பது சாதாரணம். கன்பூசிய நெறி அதை மாற்றி முடிக்க இரண்டு மூன்று நூற்றாண்டு பிடித்தது. இதற்கு ஒரு சாட்சி சியோலில் கொன்குக் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புகழ்பெற்ற கன்பூசிய அறிஞர் யுல்கோக் யீ ஈயின் குடும்பச் சொத்துப் பத்திரம், 1566இல் எழுதியது. நான்கு மகன்கள், மூன்று மகள்கள். ஏழு பேருக்கும் பங்கு, ஏறக்குறைய சமம். நிலத்தோடு நோபிகளும் பங்கிடப்பட்டிருக்கிறார்கள். கன்பூசியத் தத்துவத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய ஒருவரின் சொந்த வீட்டில், அந்த நெறி இன்னும் சொத்துப் பெட்டிவரை வந்து சேரவில்லை. டாய்க்லர் சொன்னதும் பாலே சொன்னதும் இந்த ஒரே தாளில் இருக்கின்றன.

இதுவரை சொன்ன பெரிய பெயர்கள் எல்லாம் ஜோசனைச் சுற்றியே வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் பழைய கொரியா என்றால் பெரும்பாலும் ஜோசன்தான், அதுவும் அதன் பிற்பாதி. கொர்யோ 918 முதல் 1392 வரை, 474 வருடம் நின்ற அரசு. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பலகைகளில் பௌத்தத் திருமறையைச் செதுக்கியது, மங்கோலியரோடு பத்தாண்டுக் கணக்கில் மோதியது. அதன் அதிகாரபூர்வ வரலாறான 'கொர்யோசா' 139 பாகம். ஆங்கிலத்தில் முழு மொழிபெயர்ப்பு இல்லை. எட்வர்ட் ஷூல்ட்ஸ் படைத்தலைவர்கள் ஆண்ட காலத்தை எழுதினார். லைடனில் ரெம்கோ பிரூக்கர், பௌத்தத்தில் செம் வெர்மீர்ஷ், மங்கோலியக் காலத்தில் டேவிட் ராபின்சன் என்று விரல் விட்டு எண்ணலாம். 1123இல் சோங் சீனத் தூதுக் குழுவோடு தலைநகர் கேசோங்குக்கு வந்து, கண்டதையெல்லாம் எழுதிவைத்த ஷு ஜிங்கின் நூலை வெர்மீர்ஷ் 2016இல் ஆங்கிலத்தில் தந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கேசோங் இன்று வடகொரியாவில் இருப்பதால் போய்த் தோண்டிப் பார்ப்பது எளிதில்லை. எழுத்தை விட்டால் வழியில்லை.

இன்னும் பின்னால் போனால் கால் தடுக்கும். 1145இல் கிம் பூ-சிக் தொகுத்த 'சம்குக் சாகி' மூன்று நாடுகளின் வரலாறு. அதில் பேக்சே அரசின் ஆண்டுக் குறிப்புகளை ஜோனதன் பெஸ்ட் 2006இல் மொழிபெயர்த்தார். கோகுர்யோ, சில்லா பகுதிகள் 2011, 2012இல்தான் வந்தன. அதாவது, இந்த மூன்று நாடுகளைப் பற்றிப் பேசுவதற்கு வேண்டிய அடிப்படை நூல், எழுதி 850 வருடத்துக்கு மேல் கழித்து, நம் கண்முன்னால் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. வடக்கே மஞ்சூரியா வரை பரவிய பால்ஹே அரசைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்க ஆசைப்பட்டால் கையளவுதான் கிடைக்கும்.

பழங்காலத்தைத் தொட்டால் அரசியலும் சேர்ந்தே கையில் ஒட்டும். கோகுர்யோ யாருடையது என்று சீனாவும் கொரியாவும் 2000களில் மோதியது நினைவிருக்கலாம். அந்தச் சூட்டில் கொரிய அரசுப் பணம் வெளிநாட்டு ஆய்வுக்கு வந்தது; ஹார்வர்டில் மார்க் பைங்டன் நடத்திய பண்டைய கொரியத் திட்டம் அதில் பலன் பெற்றது. காயாவைப் பற்றி, கொரியத் தொல்லியலாளர்களின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் தொகுத்து ஒரு நூல் 2012இல் வெளியிட்டார்கள். அந்த ராணி கதையை அனுப்புகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல் அது. காயா கல்லறைகளில் கிடைத்த இரும்பு என்ன சொல்கிறது என்று அதில் இருக்கிறது. அடுத்த தொகுதி 2013இல், கி.மு. 108இல் ஹான் சீனா கொரியாவில் நிறுவிய மாவட்டங்களைப் பற்றியது. அவற்றில் பெரியதான லெலாங் இன்றைய பியோங்யாங் அருகே இருந்தது என்பது தொல்லியலில் உறுதியான விஷயம். ஆனால் அது கொரியாவுக்குள்ளேயே இல்லை என்று நம்பும் குழுக்கள் கொரியாவில் உண்டு. அவர்கள் எதிர்ப்பைக் கிளப்பினார்கள், அரசியல்வாதிகள் சேர்ந்துகொண்டார்கள், கடைசியில் பணம் நின்றது. நல்ல வேலை ஒன்று பாதியில் நின்றுபோனது வருத்தமான விஷயம். ஒரே மடையிலிருந்து தண்ணீர் வந்தால், மடையை அடைக்க ஒரு கை போதும்.

சரி, ஆட்கள் ஏன் வரவில்லை? முதல் காரணம் மொழி. ஜோசன் ஆவணம் பெரும்பாலும் பழைய சீனத்தில் இருக்கிறது. கொரியர்கள் ஹன்முன் என்பார்கள். ஹங்குல் எழுத்து 1446இல் வெளியிடப்பட்ட பிறகும் அரசு எழுத்து ஹன்முனிலேயே ஓடியது. கூடவே, எழுத்தர்கள் பயன்படுத்திய 'இது' (idu) என்ற, சீன எழுத்தில் கொரியத்தைக் கலந்து எழுதும் நடை தனி. இதெல்லாம் போக, ஆய்வுகளைப் படிக்க இன்றைய கொரியம் வேண்டும், ஜப்பானியம் வேண்டும். நான்கு மொழி கற்று முடிக்கும்போது மாணவருக்கு முப்பது வயது தாண்டிவிடும். வெளியே வந்தால் பல்கலைக்கழகத்தில் கொரிய வரலாற்றுக்கு ஒரே ஒரு இடம். அந்த ஒருவர் காலனியக் காலம், போர், வடகொரியா, சினிமா எல்லாம் நடத்த வேண்டும். வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் பாட்டும் தொடரும் பார்த்து வந்தவர்கள். நவீன காலம் படித்தவருக்கே வேலை கிடைக்கிறது. பாலேயிடம் படித்த எக்கர்ட்டே காலனியக் கால முதலாளிகளைப் பற்றித்தான் எழுதினார்.

பெயர் எழுதும் முறையும் சேர்ந்து படுத்துகிறது. அமெரிக்க ஆய்வு நூல்கள் 1939இல் வந்த மெக்கூன்-ரைஷாவர் முறையில் எழுதும். கொரிய அரசு 2000இல் வேறு முறை கொண்டுவந்தது. ஒரே அரசு ஒரு நூலில் 'சோசன்', இன்னொன்றில் 'ஜோசன்'. பேக்சே ஓரிடத்தில் ஆங்கில P எழுத்தில் தொடங்கும், வேறிடத்தில் B எழுத்தில். புதிதாகத் தேடுபவர் பாதி அலமாரியைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்.

இத்தனைக்கும் மூலம் இல்லாத நாடில்லை அது. ஜோசன் அரச ஆண்டுக் குறிப்புகள், 'சில்லோக்', 25 அரசர்கள், 472 வருடம், 1,893 பாகம். நான்கு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள். 1592 ஜப்பானியப் படையெடுப்பில் மூன்று எரிந்து, ஜோன்ஜூ பிரதி மட்டும் தப்பியது. உள்ளூர் அறிஞர்கள் மலைக்குள் சுமந்துபோய் ஒளித்துவைத்துக் காத்தார்கள். அதில் 1404ஆம் ஆண்டில் ஒரு குறிப்பு. தேஜோங் அரசர் மான் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்துவிட்டார். அடிபடவில்லை. எழுந்ததும் சுற்றிப் பார்த்து, 'வரலாற்று எழுத்தருக்கு இது தெரிய வேண்டாம்' என்றார். எழுத்தர் விழுந்ததையும் எழுதினார், தெரிய வேண்டாம் என்று சொன்னதையும் எழுதினார். இப்படி ஒரு ஆவணத்தை நவீனக் கொரியத்துக்கு மாற்ற 1968 முதல் 1993 வரை ஆனது. ஆங்கிலத்தில்? முதல் அரசர் தேஜோவின் குறிப்பை சோ பியோங்-ஹியோன் மொழிபெயர்த்து 2014இல் ஹார்வர்டு பதிப்பகம் வெளியிட்டது. 1,893இல் 15 பாகம், தடிமனான புத்தகம், நூற்றில் ஒன்றுகூட நிரம்பவில்லை. கொரிய தேசிய வரலாற்று நிறுவனம் முழுவதையும் ஆங்கிலத்தில் தர ஒரு திட்டத்தை எடுத்தது. அறிவித்தபோது வைத்த இலக்கு 2033. செஜோங் அரசர் காலத்திலிருந்து தொடங்கி இணையத்தில் ஏற்றினார்கள். அரசச் செயலகத்தின் நாட்குறிப்பு 3,243 பாகம் தனியாக இருக்கிறது; அது கொரியத்துக்கே இன்னும் முழுதாக மாறவில்லை.

மொழிபெயர்ப்பு ஒன்று என்ன செய்யும் என்பதற்கு ஜாஹியுன் கிம் ஹபூஷ் செய்த வேலையைச் சொல்வேன். 1762இல் யோங்ஜோ அரசர் தன் மகன் சாதோவை ஒரு அரிசிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். எட்டாம் நாள் அவர் உள்ளேயே இறந்தார். மனைவி ஹியேக்யோங் அம்மையார் பிற்காலத்தில் எழுதிய நினைவுகள் ஹங்குலில் இருக்கின்றன. அவற்றை நாள்வரிசையில் ஒரே கதையாகக் கோத்த பதிப்புகள் உண்டு. ஹபூஷ் 1996இல் பிரித்துக் காட்டினார்: 1795, 1801, 1802, 1805 என்று நான்கு முறை, தனித்தனியாக எழுதியவை. முதல் நூலில் கணவரின் சாவைச் சொல்ல முடியாமல் தாண்டிப் போகிறார். கடைசி நூலில்தான், பேரனான அரசருக்காக, கணவரின் மனநோயையும் அவர் செய்த கொலைகளையும் அந்தப் பெட்டியையும் எழுதுகிறார். பத்து வருடம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. கோத்துப் படித்தால் அந்தப் பத்து வருடம் மறைந்துவிடும்.

ஹபூஷ் அதன்பின் 1592 போரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். தலைநகரை விட்டு ஓடிய சோன்ஜோ அரசர், 1593இல் மக்களுக்கு ஹங்குலில் ஒரு ஆணை விடுத்தார். ஜப்பானியரிடம் பிடிபட்டவர்கள் தப்பி வந்தால் தண்டனை இல்லை, வாருங்கள் என்று. பெரும்பாலும் ஹன்முனில் ஆண்ட ஓர் அரசு, பெண்களும் உழவர்களும் வாசிக்கிற எழுத்தில் பேச வேண்டி வந்த அந்தத் தருணத்தைத்தான் ஹபூஷ் நூலின் நடுவில் வைக்க நினைத்தார். 2011இல் அவர் இறந்தபோது நூல் முடியவில்லை. கணிதப் பேராசிரியரான அவருடைய கணவரும், அவரிடம் படித்த மாணவி ஒருவரும் கையெழுத்துப் பிரதியை எடுத்துச் சீர்செய்தார்கள். நூல் 2016இல் வெளிவந்தது.